கருவுற்ற தாய்மார்களுக்கு உயிர்ச்சத்துக்கள்

நெற்பயிருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துக்களை எவ்வளவு தாராளமாக இட்டாலும், மண்ணில் துத்தநாகம் பற்றாக்குறையாக இருந்தால் பயிர் தூர் வெடிக்காமல் குன்றி நிற்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவீர்கள். எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை நடவின்போது இட்டால் இக்குறை நீங்கிவிடுகிறது. மூட்டை மூட்டையாக இடும் மற்ற உரங்களோடு ஒப்பிட்டால் இது சொற்ப அளவே. ஆனால் அந்தச் சொற்ப அளவு கிடைக்காவிட்டால் மற்ற உரங்களுக்குச் செலவிட்ட பணமும் பயன் தருவதில்லை.

மனித உடலுக்கு உயிர்ச்சத்துக்கள் எனப்படும் வைட்டமின்களும் இத்தகையனவே. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைக் கிராம் கணக்கில் உண்கிறோம். வைட்டமின்கள் மில்லிகிராம், மைக்ரோகிராம் அளவிலேயே தேவைப்படுகின்றன. ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிராம். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம். இவற்றை உடல் தானே போதிய அளவு தயாரித்துக்கொள்ள இயலாது. வெயில் படும்போது தோலில் உண்டாகும் வைட்டமின் டி போன்ற ஒன்றிரண்டைத் தவிர, ஏனையவற்றை உணவின் வாயிலாகவே பெற வேண்டும்.

எல்லோருக்கும் தேவையான இச்சத்துக்கள் கருவுற்ற தாய்மார்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. இவற்றுள் எவற்றை நம் வயலிலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் பெறலாம், எவற்றை மாத்திரையாகவே பெற வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் இவ்வளவு அக்கறை?

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 100க்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் இது 100க்கு 48 பேர். அதாவது கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ இருவருக்கு ஒருவர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 100 மில்லி லிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் அதை இரத்தசோகை என்கிறோம். 7 கிராமுக்குக் குறைந்தால் அது கடுமையான இரத்தசோகை.

இரத்தசோகை உள்ள தாய்க்குக் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். திடமான உடல் தாங்கிக்கொள்ளும் பேறுகால இரத்தப்போக்கு, இத்தாய்க்கு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். களை எடுக்கும்போது மூச்சு வாங்குவதையும், வரப்பில் நடக்கையில் தலை சுற்றுவதையும், 'பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வழக்கந்தானே' என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்கக் கூடாது. வெளிறிய நாக்கும், வெளிறிய கண் இமையின் உட்புறமும், ஓயாத களைப்பும் இரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தத்தில் இதைக் கண்டறிந்துவிடலாம்.

வைட்டமின்கள் கண்டறியப்பட்ட வரலாறு

1890களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோற்றை மட்டுமே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயும் இத்தகையதே. தவிட்டில் இருந்த அந்தப் பொருளே வைட்டமின் பி1. எய்க்மனுக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் நாட்டில் இத்தகைய ஆய்வு நீலகிரி மாவட்டம் குன்னூரில் தொடங்கியது. 1918ஆம் ஆண்டில் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அச்சிறிய ஆய்வுக்கூடமே பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

கருவுற்ற தாய்மார்களுக்கு மிகவும் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வரலாறும் நம் நாட்டோடு தொடர்புடையதே. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள ஏழைப் பெண்களுக்கும் நூற்பாலைத் தொழிலாளிப் பெண்களுக்கும் கருவுற்ற காலத்தில் ஏற்படும் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அவர்கள் தேறினர். இதை அவர் 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளைப் பின்னர் 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் இதைச் செயற்கை முறையில் தயாரித்த அமெரிக்க ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

எவ்வளவு தேவை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அளவுகள் வருமாறு:

ஃபோலிக் அமில வகைச் சத்து: சாதாரண நாளில் 220 மைக்ரோகிராம், கருவுற்ற காலத்தில் 570 மைக்ரோகிராம்.
வைட்டமின் ஏ: சாதாரண நாளில் 840 மைக்ரோகிராம், கருவுற்ற காலத்தில் 900 மைக்ரோகிராம்.
வைட்டமின் சி: சாதாரண நாளில் 65 மில்லிகிராம்; கருவுற்ற காலத்தில் 80 மில்லிகிராம்.
சுண்ணாம்புச் சத்து: இரு காலத்திலும் 1000 மில்லிகிராம்; பாலூட்டும் காலத்தில் 1200 மில்லிகிராம்.

இப்பட்டியலைக் கூர்ந்து கவனியுங்கள். வைட்டமின் ஏ, சி ஆகியவற்றின் தேவை சிறிதளவே கூடுகிறது. தினமும் ஒரு கைப்பிடி கீரையும் ஒரு கொய்யாப்பழமும் கூடுதலாக உண்டால் இது சரியாகிவிடும். ஃபோலிக் அமிலத்தின் தேவையோ இரண்டரை மடங்காக உயர்கிறது. 100 கிராம் பாசிப்பயறில் சுமார் 145 மைக்ரோகிராம் அளவே இச்சத்து உள்ளது. அதை மட்டும் கொண்டு 570 மைக்ரோகிராம் பெற வேண்டுமானால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 400 கிராம் பயறு உண்ண வேண்டும். வேக வைக்கும்போது இச்சத்தின் ஒரு பகுதி அழிந்தும் போகிறது.

இரும்புச் சத்தின் நிலையும் இதுவே. கருவுற்ற காலம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தாயின் உடலில் சேர வேண்டும். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவே உடலில் சேர்கிறது. மேலும், நம் பெண்களில் பலர் கருத்தரிக்கும்போதே உடலில் இரும்புச் சேமிப்பு இல்லாதவர்களாக உள்ளனர். ஆகவேதான் இவ்விரு சத்துக்களையும் உணவோடு மாத்திரையாகவும் பெற வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது.

அடியுரமும் மேலுரமும்

அடியுரமாக இட வேண்டியதைக் கதிர் வெளிவரும்போது இட்டுப் பயனில்லை. மாத்திரைகளிலும் இவ்வாறே பருவம் உண்டு.

குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அச்சமயத்தில் ஃபோலிக் அமிலம் போதாமல் இருந்தால், குழல் சரிவர மூடாத ஊனத்துடன் குழந்தை பிறக்க நேரிடலாம். இத்தகைய குழந்தையை முன்னரே பெற்ற தாய்மார்களிடம் நடத்தப்பட்ட பிரிட்டன் நாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 1991இல் வெளியாயிற்று. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களுக்கு மீண்டும் அவ்வாறு நேர்வது நூற்றுக்கு 72 அளவுக்குக் குறைந்தது என்று அது காட்டியது.

28 நாட்களுக்குள் என்றால், நாள் தள்ளிப்போயிருப்பதைப் பல பெண்கள் கவனிக்கும் முன்பே அப்பருவம் கடந்துவிடுகிறது. எனவே குழந்தை வேண்டும் என்று எண்ணும் போதே, கிராம சுகாதாரச் செவிலியரைக் கண்டு ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். இதுவே அடியுரம். பின்வரும் அட்டவணை தேசிய அளவில் பின்பற்றப்படுவதாகும்.

1. கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடிய: தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

2. நான்காம் மாதத்திலிருந்து: தினமும் ஒரு சிவப்பு நிற இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை. இதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கருவுற்ற காலத்தில் குறைந்தது 180 நாட்களும், பேற்றுக்குப் பின் 180 நாட்களும் உட்கொள்ள வேண்டும்.

3. நான்காம் மாதத்திலிருந்தே: சுண்ணாம்புச் சத்து 500 மில்லிகிராமும் வைட்டமின் டி 250 அலகும் கொண்ட மாத்திரை நாளொன்றுக்கு இரண்டு. இதைப் பேற்றுக்குப் பின் ஆறு மாதம் வரை தொடர வேண்டும்.

4. கருவுற்ற இரண்டாம் மும்மாதத்தில் ஒருமுறை: குடற்புழு நீக்க மாத்திரை. வயலில் செருப்பின்றி நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு தொல்லை உண்டு. இப்புழு குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதால், உண்ணும் இரும்பெல்லாம் வீணாகிறது.

இம்மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றன. இரத்தசோகை இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். முன்பு நரம்புக் குழல் குறையுடன் குழந்தை பெற்றவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களும், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் அவசியம்.

மாத்திரை வீணாகாமல் இருக்க

காப்பி, தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடலில் சேரவிடாது. ஆகவே இரும்பு மாத்திரைக்கும் உணவுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இவற்றைத் தவிர்க்கவும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் பாலையும் இரும்பு மாத்திரையோடு சேர்த்து உட்கொள்ளக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி தேவை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் காலை, மதிய உணவுகளோடும், இரும்பு மாத்திரையை இரவு உணவுக்குப் பின்னும் உட்கொள்வது எளிய வழி. அத்துடன் எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால், அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடலில் சேரச் செய்யும்.

முதல் சில நாட்கள் குமட்டலோ மலச்சிக்கலோ ஏற்படலாம். மலம் கறுப்பாகப் போகலாம். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கீரை, பழம், நீர் ஆகியவற்றை மிகுதியாகச் சேர்த்துக்கொள்ளவும். தொல்லை நீடித்தால் செவிலியரிடம் கூறவும். தாமாக நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை உண்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பதற்கும், குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்பதற்கும் எவ்வித ஆதாரமும் இல்லை. மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். சிவப்பு மிட்டாய் என்று எண்ணி அவற்றை விழுங்கும் சிறு குழந்தைக்கு உயிராபத்து நேரிடும்.

மிகையும் தீங்கே

உரம் மிகுந்தால் பயிர் சாய்வது போல, சில வைட்டமின்கள் மிகுந்தாலும் தீங்கு உண்டு. பி வகை வைட்டமின்களும் சியும் நீரில் கரைபவை. மிகையானது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. இவற்றில் சில உடலில் தங்கித் தேங்கும். குறிப்பாக, கருவுற்ற தொடக்கத்தில் வைட்டமின் ஏ மாத்திரைகளை மிகையாக உட்கொண்டால் குழந்தைக்கு ஊனம் நேரிடலாம். கீரை, காரட், மாம்பழத்தில் உள்ள கரோட்டினால் இந்த ஆபத்து இல்லை. உடல் தனக்கு வேண்டிய அளவே அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. எனவே மருத்துவர் கூறாமல் கடையில் சத்து மாத்திரைகளை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

நம் உணவில் உள்ளவை

100 கிராம் உணவுப்பொருளில் உள்ள சத்துக்களின் தோராய அளவு வருமாறு:

கேழ்வரகு: சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம்.
கம்பு: இரும்பு 6 முதல் 8 மில்லிகிராம்.
முருங்கைக்கீரை: சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல், வைட்டமின் சி 100 மில்லிகிராமுக்கு மேல், கரோட்டினும் மிகுதி.
அகத்திக்கீரை: சுண்ணாம்புச் சத்து 900 மில்லிகிராம்.
கொய்யா: வைட்டமின் சி 200 மில்லிகிராம்.
நெல்லிக்காய்: வைட்டமின் சி 250 மில்லிகிராமுக்கு மேல்.

நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். இரத்த நிறம் கொண்ட பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பில் அதைப் போல் பல மடங்கு உள்ளது. நன்கு பழுத்த பப்பாளியை ஒதுக்கத் தேவையில்லை. பால் வடியும் காயை மட்டும் தவிர்க்கலாம். வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே அதைப் பெற வேண்டும். எனவே சைவ உணவு உண்போர் பாலையும் தயிரையும் விட்டுவிடக் கூடாது. பாலையெல்லாம் சங்கத்துக்கு ஊற்றிவிடும் வீடுகளில், கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கீரையைக் கழுவிய பின் நறுக்கவும். நறுக்கிய பின் கழுவினால் நீரில் கரையும் சத்துக்கள் போய்விடும்.
2. அரிசியைப் பலமுறை கழுவ வேண்டாம். கஞ்சியை வடித்துக் கொட்டாமல் பயன்படுத்தவும். புழுங்கலரிசியே சிறந்தது, நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசியின் உட்புறம் சென்று தங்கிவிடுகிறது.
3. பருப்பு விரைவில் வேக ஆப்பச்சோடா சேர்க்க வேண்டாம். அது பி1ஐ அழித்துவிடும்.
4. கீரையை மூடிப் போட்டுக் குறைந்த நேரமே வேக வைக்கவும். ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் கரோட்டின் உடலில் நன்கு சேரும்.
5. பயறு, கேழ்வரகு ஆகியவற்றை முளைகட்டிப் பயன்படுத்தவும். முளைக்கும்போது பயறில் வைட்டமின் சி உண்டாகிறது; தானியத்திலுள்ள இரும்பும் எளிதில் உடலில் சேரும் நிலையை அடைகிறது.

கொல்லைப்புறத்தில் ஒரு சென்ட்

ஒரு சென்ட் நிலமும் குளியலறைக் கழிவுநீரும் இருந்தால் குடும்பத்துக்கு வேண்டிய கீரையை விளைவித்துவிடலாம். சோப்பு நீர் மிகுந்தால் கல்வாழை வளர்த்த வாய்க்கால் வழியே விட்டுப் பாய்ச்சவும்; நீரைக் கீரையின் மேல் படாமல் வேருக்கு மட்டும் விடவும். பத்து சதுர மீட்டர் பாத்திக்கு இரண்டரை கிராம் கீரை விதையை மணலுடன் கலந்து தூவினால் போதும். 20 முதல் 25 நாட்களில் முளைக்கீரையைப் பிடுங்கலாம். பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாட்களுக்கு ஒருமுறை விதைத்து வந்தால் கீரை இடைவிடாமல் கிடைக்கும். ஓரத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, ஒரு கொய்யா வைக்கவும். செடிமுருங்கை 75 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துத் தழை மிகுதியாகக் கிடைக்கும். வீட்டுக் கீரைக்குப் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். கருவுற்ற பெண்களை மருந்து கலக்கும் வேலைக்கும், மருந்து தெளித்த வயலில் களை எடுக்கும் வேலைக்கும் அனுப்பக் கூடாது.

வீட்டிலுள்ளோர் கவனத்திற்கு

விளைவிப்பதும் சமைப்பதும் மட்டும் போதாது. அவ்வுணவு தாயின் இலைக்கு வந்து சேர வேண்டும். வீட்டார் அனைவரும் உண்ட பின் மிஞ்சியதைப் பெண்கள் உண்ணும் வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் உள்ளது. கீரையும் முட்டையும் குழம்பிலுள்ள பருப்பும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன; அவளுக்குச் சோறும் ரசமுமே மிஞ்சுகின்றன. கருவுற்ற பெண்ணுக்கு முதலில் பரிமாறுங்கள். மாமியார்மார் இதை ஒரு ஒழுங்காக வைத்துக்கொண்டால் மருமகள் கேட்கத் தேவையிராது. அங்கன்வாடியில் கருவுற்ற தாய்க்கெனத் தரும் சத்துமாவு அவளுக்கே சேரட்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை இவை: குழந்தை வேண்டும் என்று எண்ணும் போதே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குதல், நான்காம் மாதத்திலிருந்து இரும்பு மாத்திரையை ஒருநாளும் விடாமல் உட்கொள்ளுதல், மாத்திரையோடு காப்பி, தேநீர், பால் அருந்தாமல் இருத்தல், தினமும் கீரை, பயறு, பழம், பால் உண்ணுதல், ஒவ்வொரு பரிசோதனையின் போதும் ஹீமோகுளோபின் அளவைக் கேட்டறிந்து குறித்துவைத்தல். விதைத்த நாள், உரமிட்ட நாள், மருந்தடித்த நாள் என்று பயிருக்குக் கணக்கு வைத்திருக்கும் உழவர் பெருமக்கள், மாத்திரை தொடங்கிய நாளையும் அந்த ஹீமோகுளோபின் எண்ணையும் அதே நாட்காட்டியில் எழுதி வைப்பார்களாக. அந்த எண் 11க்குக் கீழே இறங்கினால் அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும்.